காஞ்சி ராஜாவுக்கு நான் வைத்த விஷம்

அரண்மனைக் கதைகளை நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் பயப்படுவதற்காகத்தான். தூணையும் விதானத்தையும் ராணியின் கொண்டையையும் பக்கம் பக்கமாக வர்ணிக்கும் இடங்களை அவசரமாகத் தள்ளிவிடுவேன். 'திரைச்சீலை லேசாக அசைந்தது' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். அங்கே நிற்பது யார்? ராஜாவின் தம்பியா, மந்திரியின் ஆளா? பாலில் எதையாவது கலந்தாயிற்றா, இனிமேல்தானா? ஊரே கைகட்டி நிற்கிற ராஜாவால் ஒரு வாய் சோற்றை நம்பித் தின்ன முடியவில்லை என்று படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். கூடவே ஒரு அற்ப சந்தோஷமும் வரும். நம் வீட்டில் திரைச்சீலையும் இல்லை, விஷம் வைத்துப் பறிக்கிற அளவுக்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. பத்திரிகையை மூடி வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விடலாம்.

யுத்த காலத்தில் ஜவ்வாது மலையில் இருந்தபோதுதான் அந்தப் பயம் பத்திரிகையை மூடினாலும் மூடாது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கணியம்பாடியில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள், எட்டாவது வரை படித்தவள். காட்டிலாகாவில் கார்டு வேலை பார்ப்பவருக்குக் கட்டிக்கொடுத்து, அமிர்தியிலிருந்து ஏறினால் அரை நாள் பிடிக்கிற ஒரு மலைக் கிராமத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக, இலாகா கட்டிக்கொடுத்த ஒற்றை அறைக் கல்வீடு. விடிந்ததும் என் வீட்டுக்காரர் காட்டுக்குள் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். அதுவரை நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடப்பேன். கரடிக்குப் பயம், சிறுத்தைக்குப் பயம், ஓட்டின்மேல் விழும் புளியங்காய்க்குக்கூடப் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்குப் பட்டப்பகலிலும் பேய்தான். எல்லாவற்றையும் விட ஊர்க்காரர்களிடம் பயம். மரத்தை வெட்டினால் கேஸ், ஆட்டைக் காட்டுக்குள் விட்டால் கேஸ் என்று நோட்டீசு நீட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அவரை யார் விரும்பப் போகிறார்கள்? தனியாகக் காட்டில் சுற்றுகிற மனிதர், என்றைக்காவது ஒரு நாள் வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று தினமும் நாலு மணிக்கு ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு வாரம் இப்படி அடைந்து கிடந்தேன். எட்டாம் நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் மூச்சுக் காட்டவில்லை.

"கதவெ தொறம்மா. நானு கரடி இல்ல. கரடி கொடத்துல தண்ணி கொணாராது" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

அவள்தான் அந்த மலையில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு, சாமையும் கேழ்வரகும் விளைகிற கொஞ்சம் நிலம். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னைப் பேருக்கு ஒரு நாள் 'கார்டம்மா' என்றுவிட்டு மறுநாளிலிருந்து 'நீ, வா, போ' என்று இறங்கிவிட்டாள். தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள். நான் ஓடைக்குப் போகப் பயப்படுகிறேன் என்று கண்டுகொண்டு, யாரும் சொல்லாமல் அவளாகச் செய்தது அது.

சனிக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் அமிர்திக்கு இறங்கி அரிசி, கிருஷ்ணாயில், தபால் எல்லாம் வாங்கிவருவார். தபாலில் அப்பா அனுப்பும் வாரப் பத்திரிகை இருக்கும். அதில் ஒரு தொடர்கதை, காஞ்சியில் ஆண்ட ஒரு பழைய ராஜாவைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடித்து, மத்தியானம் சாப்பிட்ட பிறகு அதை எடுத்து உரக்கப் படிப்பேன். என் குரலே எனக்குத் துணை. அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா வாசற்படியில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"எந்த ஊரு ராஜா இவுரு?"

"காஞ்சிபுரத்து ராஜா."

அவள் கையிலிருந்த குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். "அட, எங்க ஊருதான்!" என்றாள்.

அந்த மலைக்காரர்கள் எல்லோருமே தங்கள் முன்னோர் ஒரு காலத்தில் காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். எந்த ராஜா காலத்தில், எதற்காக வந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வந்தது மட்டும் நிச்சயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் பத்துப் பேர். அதற்கடுத்த வாரம் ஊர்க்கவுண்டரே தலைப்பாகையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்து, சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயம்தான். ஆனாலும் படித்தேன்.

இது நடந்த சம்பவம் இல்லை, யாரோ பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு கற்பனையாக எழுதுவது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். அதைக் கேட்டுக் கவுண்டர் சிரித்தார். "அச்சடிச்ச காயிதத்துல பொய்யெப் போட்டா சர்க்கார் சும்மா வுடுமா?" என்றார். அவர்கள் அதுவரை கண்டிருந்த அச்சடித்த காகிதமெல்லாம் காட்டிலாகா நோட்டீசுதான். அதில் இரண்டு வரி இருந்தால் ஒரு ஆடு போகும், நாலு வரி இருந்தால் ஆள் கோர்ட்டுக்குப் போகவேண்டும். அதே கார்டு வீட்டிலிருந்து, அதே தபால் பையில் வந்த காகிதம் வேறு இது. விளையாட்டுக்கு ஒருவன் அச்சுப் போடுவான் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? நானும் விட்டுவிட்டேன். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்கள் இப்போது பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார்கள். என் வீட்டுக்காரருக்குக்கூடக் காட்டில் யாராவது ஒருவர் கும்பிடு போட்டார்கள். எனக்கு நாலு மணிப் பயம் குறைந்தது. இதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

கதையில் ராஜாவின் மடப்பள்ளியில் ஒரு பெண் வருவாள். ராஜாவின் இலையில் எது விழுந்தாலும் முதலில் அவள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டவேண்டும், பிறகுதான் ராஜா தொடுவார். அவள் முதன்முதலில் கதைக்குள் வந்த அன்று எல்லோரும் என் சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கவுண்டர்தான் விளக்கினார். அந்த ஊரில் கார்த்திகை மாதம் புதுச் சாமையைப் பொங்கிச் சாமிக்குப் படைப்பார்கள். பொங்கல் வைப்பது அக்காவின் குடும்பம். வைத்தவள் எல்லோரும் பார்க்க முதல் கவளத்தைச் சாப்பிடுவாள், அப்புறம் கவுண்டர், அப்புறம் ஊர். அவர்கள் குடும்பத்துக்கே 'முதவாய்க்காரங்க' என்றுதான் பெயர். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கத்துக்கு இப்போது காகிதத்தில் காரணம் வந்துவிட்டது.

"பாத்தியா, நாங்க ராஜாவுக்கே முதவாய் தின்னவங்க" என்று அக்கா என் கன்னத்தில் இடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. காட்டாற்றில் வெள்ளம், அமிர்திக்கு இறங்க வழியில்லை. அந்தச் சனிக்கிழமை பத்திரிகை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்டதும் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். கவுண்டரும் வந்தார். பத்திரிகை வரவில்லை, போய் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நனைந்துகொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பப் பயம். அனுப்பினால் அடுத்த வாரம் வரமாட்டார்களோ என்று இன்னொரு பயம். உள்ளே போய்ப் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்துவந்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நானாகப் 'படிக்க' ஆரம்பித்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் யாருக்கும் பயப்படாமல் இருந்தது அந்த அரை மணி நேரம்தான். திரைக்குப் பின்னால் நிற்பது யார் என்று பயந்துகொண்டிருந்தவள் நான், இப்போது நானே அங்கே நிற்கிறேன். யாரைக் கொல்லலாம், யாரை விடலாம் எல்லாம் என் இஷ்டம். இதுவரை நூறு அரண்மனைக் கதை படித்தவளுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். யாரை ராஜா ரொம்ப நம்புகிறாரோ அந்த ஆள்தான் கடைசியில் கழுத்தறுப்பார். ராஜா அந்த மடப்பள்ளிப் பெண்ணைத்தான் நம்பினார். ஆகவே அவள் காலையிலேயே விஷத்தை முறிக்கிற ஒரு வேரை மென்று விழுங்கினாள். விஷம் கலந்த சோற்றில் முதல் கவளத்தை எடுத்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். அவள் சிரிப்பைப் பார்த்து ராஜா சாப்பிட்டார். ராஜா செத்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முடித்துவிட்டு, எப்படி என் சாமர்த்தியம் என்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் எதிரில் பூ வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் நான் அவளை நினைக்கவே இல்லை.

கவுண்டர் மெதுவாக எழுந்தார். "எங்கப்பன் புதுச்சாமைப் பொங்கல் தின்ன மூணாம் நாளு வயித்தால போயி செத்தாரு. அப்போ நானு சின்னப் பையன்" என்றார். யாரையும் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அக்காவின் பக்கமாகப் போனவர்கள் அவள் மேல் படாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் ஓணானை நான் என் மடியில் விடவில்லை, அவள் மடியில் விட்டேன். மறுநாள் காலையில் தண்ணீர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். அக்கா வருவதைப் பார்த்ததும் மற்ற பெண்கள் பாதி நிரம்பிய குடத்தோடு கரையேறினார்கள். அவள் குழந்தை அவர்கள் பின்னால் ஓடி, ஒருத்தியின் சேலையைப் பிடித்தது. அந்தப் பெண் சேலையை உருவிக்கொண்டு போனாள். அந்த ஊரில் நெருப்புக்குச்சி கிடைக்காத காலம் அது. அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டில் கங்கு வாங்கிக்கொள்வார்கள். அந்த மூன்று நாளாக அக்கா வீட்டுக்கு யாரும் கங்கு கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அதுல அப்படித்தான் போட்டிருக்குதா? இன்னொரு வாட்டி படி. நீ எங்கியாவது வரி தாண்டியிருப்ப" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. என் கை தானாகப் போய் அதே பழைய பத்திரிகையை எடுத்தது. முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மடப்பள்ளிப் பெண் வேரை மென்றதையும் சிரித்ததையும் மறுபடியும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வரி தாண்டவில்லை. அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, "அச்சுலயே இருந்தா யாரு இன்னா பண்ண முடியும்" என்று சொல்லிப் போனாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் வெளுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வாயெத் தொறந்துடாத" என்றார். "கார்டு பொண்டாட்டி பொய்க் காயிதம் படிச்சான்னு தெரிஞ்சா, நாளைக்கு நான் காட்டுற நோட்டீசும் பொய்யின்னுவாங்க. காட்டுல நான் ஒருத்தன், அவங்க நூறு பேரு. ஒனக்குப் புரியுதா?"

எனக்கு நன்றாகவே புரிந்தது. அப்போது நான் நாலு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் ஜெபம் செய்தேன். என்ன கேட்டேன் என்று நினைக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லத் தைரியம் கொடு என்று கேட்கவில்லை. பத்திரிகையைச் சீக்கிரம் அனுப்பு என்று கேட்டேன்.

வெள்ளம் வடிந்து, அந்தச் சனிக்கிழமை பத்திரிகை வந்தது. வாசலிலேயே பிரித்துப் படித்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! மடப்பள்ளிப் பெண் குற்றமற்றவள். முதல் கவளத்திலேயே விஷத்தைக் கண்டுகொண்டு, ராஜாவின் இலையைத் தட்டிவிட்டு, அவர் காலடியிலேயே விழுந்து செத்துப்போகிறாள். ராஜா கண்ணீர் விடுகிறார். நானும் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே போய் எல்லோரையும் கூப்பிட்டு வந்து உட்கார வைத்துப் படித்தேன்.

கவுண்டர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். "போன வாரம் செத்த ராஜா இந்த வாரம் எப்படிம்மா குந்திக்கினு அழுவுறாரு?" என்றார்.

"போன வாரம் நான் தப்பாப் படிச்சிட்டேங்க" என்றேன்.

"தப்பாப் படிக்கல. இப்போதான் மாத்திப் படிக்கிற. அவ ஒனக்குத் தண்ணி ஊத்துறவ. ஒன் மனசு எனக்குத் தெரியுது." அவர் குரலில் கோபமே இல்லை, பரிவுதான் இருந்தது. அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது. கூட்டம் முழுக்க என்னை ஒரு நல்ல பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. நான் சொன்ன பொய்யை நம்பினார்கள், அச்சில் இருந்ததை என் நல்ல மனசு என்று தள்ளிவிட்டார்கள்.

கார்த்திகைப் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஊர் கூடிப் பேசியது. வழக்கத்தை நிறுத்தக்கூடாது, ஆகவே அவளே பொங்கட்டும். ஆனால் கவுண்டர் அந்தப் பானையில் கை வைக்கவில்லை என்றால் அந்தக் குடும்பத்தோடு ஊருக்கு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தண்ணீர், நெருப்பு, பெண் கொடுப்பது, பிணம் தூக்குவது எதுவும் கிடையாது. நிலத்தை விட்டு மலையிறங்கிப் போகவேண்டியதுதான். கீழே அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? கணியம்பாடிப் பக்கம் களை பறித்து வயிறு கழுவலாம். கவுண்டர் கை வைக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பொங்கலன்று நல்ல வெயில். கோயிலுக்கு எதிரில் புதுப்பானை பொங்கி வழிந்தது. நாங்கள் வேதக்காரர்கள், இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போகிற வழக்கமில்லை. காட்டிலாகா சார்பில் என் வீட்டுக்காரர் ஒரு ஓரமாக நின்றார், நான் அவருக்குப் பின்னால் நின்றேன். படையல் முடிந்தது. அக்கா பானைக்குப் பக்கத்தில் நின்று இலையில் ஒரு கவளம் எடுத்துவைத்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டாள்.

கவுண்டர் கையை நீட்டவில்லை.

அவள் இன்னொரு கவளம் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. சூடு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது, வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். அவள் புருஷன் கும்பிட்டபடி நின்றான்.

"காஞ்சியிலயும் அவ தின்னாதான்" என்றார் கவுண்டர்.

அவள் சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம். சிரித்தால் விஷக்காரி, அழுதால் மாட்டிக்கொண்ட விஷக்காரி. தலைமுறை தலைமுறையாக ஊர் நம்பிச் சாப்பிட்ட ஒரு வாயை நான் அரை மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையசைத்தது தெரிந்தது.

"அன்னிக்குப் பத்திரிகை வரலைங்க. வெறும் பழைய காயிதத்தைக் கையில வச்சுக்கினு நானா சொன்னேன். மடப்பள்ளிக்காரி வேரு தின்னது, ராஜா செத்தது எல்லாம் நான் சொன்ன பொய்."

கவுண்டர் என்னையே பார்த்தார். "இதுக்கும் முன்னாடி தப்பாப் படிச்சேன்ன. இப்போ பொய்யின்ற. எதெ நம்புறது?"

கேட்டது நியாயம்தான். சொல்லால் கெடுத்ததைச் சொல்லால் சரிக்கட்ட முடியாது என்று மட்டும் தெரிந்தது. அக்காவின் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"எனக்கு நாலு மாசம். விஷம்னா என் புள்ளைக்கும் சேத்துத்தான். நான் வேரும் தின்னல, ஒண்ணும் தின்னல. குடுங்கக்கா."

விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிட்டேன் என்று தெரிந்தால் அப்பா என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார். அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நீட்டினேன். அவள் என் உள்ளங்கையில் ஒரு கவளம் வைத்தாள். வெல்லமும் புகையும் கலந்த வாசனை. கையை வாய்க்குக் கொண்டுபோனேன்.

அப்போது அது வந்தது.

இரண்டு வாரமாக இவள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. குழந்தையை நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினார்கள். எப்படியும் ஊரை விட்டுப் போகப் போகிறவள். அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? நான் படித்த கதைகளிலெல்லாம் இந்த இடத்தில் என்ன நடக்கும்? அவள் இப்போது நாலு கவளம் சாப்பிட்டாளே, ஏன் அத்தனை? எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்? என் கை பாதியில் நின்றுவிட்டது. நான் அவள் வாயைப் பார்த்தேன். கடைவாயில் ஏதாவது வேர் அடக்கியிருக்கிறாளா என்று பார்த்தேன். பரமண்டல ஜெபத்தில் பாதி சொல்லுகிற நேரம் அப்படி நின்றிருப்பேன். வயிற்றுக்குள் பிள்ளை இருப்பது அந்த நிமிஷம்போல என்றைக்கும் எனக்குக் கனத்ததில்லை.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டேன். கண்ணைத் திறந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுண்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கூட்டத்தில் ஒரு குழந்தை பசிக்குது என்று அழுதது. அவர் தலைப்பாகையை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பானைக்கு முன்னால் வந்து கையை நீட்டினார். அவருக்கு அடுத்து அவர் மகன்கள் நீட்டினார்கள். அப்புறம் ஊரே முண்டியடித்தது, ஆளுக்கொரு இலையோடு. பானை காலியாகிவிட்டது. அக்காவின் குடும்பம் தப்பியது. என் வீட்டுக்காரருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. நோட்டீசு காட்டும்போது மட்டும், "இது சர்க்கார் எழுதுனதா, வூட்டுக்காரம்மா எழுதுனதா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவர் என்னோடு பத்து நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் வாசலுக்கு யாரும் வரவில்லை.

மறுநாள் காலையில் அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். வழக்கம்போல உள்ளே வந்து தவலையில் ஊற்றினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பாழாய்ப்போன கதையைச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு அக்கா என்றேன்.

"அதெ வுடு" என்றாள். குடத்தைக் கவிழ்த்து, அடியில் இருந்த தண்ணீரைச் சொட்டவிட்டாள். "அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, நம்பிட்டாங்க. பயந்தாங்க. அது பொய்யின்னு தெரிஞ்சவ அந்தக் கும்பல்லயே நீ ஒருத்திதான். நீ இன்னாத்துக்கு பயந்த?"

சாமிக்குப் படைத்ததை எங்கள் வேதத்தில் சாப்பிடக்கூடாது, அதனால்தான் கொஞ்சம் தயங்கினேன் என்று சொன்னேன். அவள் சரியென்று தலையாட்டினாள். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. மறுநாளிலிருந்து தண்ணீருக்கு நானே ஓடைக்குப் போனேன்.